ஜன்னல் வழியா வர்றவனை எப்படி எடுத்துக்கறது?

உங்க கேள்விய மூணு தடவ படிச்சேன் தங்கச்சி. பொண்ணுக்கு 14 வயசு, கிரேட் 9, அவ அத்தை ஸ்கூல் கடைசி வருஷம், மேட்ரிக் படிக்கும்போது சேத்து வச்ச ட்வைலைட்ங்கற ரத்தக்காட்டேரி காதல் கதை நாலு புக்கையும் தூக்கிட்டு வந்து ராத்திரி போர்வைக்குள்ள டார்ச் அடிச்சு படிக்கிறா, அப்படி என்னதான் இருக்குன்னு நீங்களும் எடுத்தீங்க, ஒரே வாரத்துல மூணு புக் முடிச்சிட்டீங்க, பிடிச்சிருந்தது, ஆனா அந்தப் பையன் பண்றத நெனச்சா வயித்தக் கலக்குது, வாங்கி பீரோல வச்சுப் பூட்டவா இல்ல விட்டுடவான்னு கேட்டிருக்கீங்க. கடைசியில ஒரு வரி போட்டிருக்கீங்க, "இவ்ளோ தெரிஞ்சும் எனக்கு ஏன் பிடிச்சதுன்னே புரியல அக்கா"ன்னு. எனக்கு அந்தக் கடைசி வரிதான் பெருசா படுது. அங்கேருந்தே ஆரம்பிக்கிறேன், பூட்டறதப் பத்தி அப்புறம் பேசலாம்.

நான் கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவுக்கு, இந்த டர்பனுக்கு வந்தது 2007 கடைசில. வந்து ஒரு மாசம் கூட ஆகல, 2008 ஜனவரில லோட் ஷெடிங் ஆரம்பிச்சுது, ராத்திரி கரண்ட் போயிடும், பாஷை பழகல, ஆள் பழகல, மெழுகுவத்திய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்பதான் லைப்ரரிலேருந்து முதல் புக்க எடுத்துட்டு வந்தேன். பல கை மாறின புக்கு, முதுகு உடைஞ்சு, நடுவுல ஒரு இடத்துல தானா பிரிஞ்சுக்கும். அந்தப் பக்கத்த எத்தனை பொண்ணுங்க திரும்பத் திரும்ப படிச்சிருந்தா காகிதம் அப்படி துணி மாதிரி ஆகியிருக்கும்னு நெனச்சுப் பாத்திருக்கேன். அப்ப எனக்கு 26 வயசு, ஸ்கூல் பொண்ணு கெடையாது, இருந்தாலும் நானும் அந்தப் பக்கத்த ரெண்டாவது தடவ படிச்சேன். அதுக்கப்புறம் இத்தனை வருஷமா ஸ்கூல் லைப்ரரில வேல, இந்த மாதிரி ரத்தக்காட்டேரி காதல் கதைங்க என் கை வழியா போயிட்டே இருக்கு. அதனால சொல்றேன், உங்களுக்குப் பிடிச்சதுல ஒரு தப்பும் கெடையாது, அதுக்கு நல்ல காரணமே இருக்கு.

அந்தக் கதையில ஒரு விஷயம் கவனிச்சீங்களா? ரத்தக்காட்டேரி பையன் எட்வர்டுக்கு ஊர்ல இருக்கற எல்லார் மனசுல ஓடுறதும் கேக்கும். அவன் காதலிக்கற சாதாரணப் பொண்ணு பெல்லா மனசு மட்டும் கேக்காது. அதனால அவன் அவகிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். ஒரு நாள் முழுக்க, கேன்டீன்ல, கார்ல, வீட்டு வாசல்லன்னு கேட்டுக்கிட்டே இருப்பான், என்ன கலர் பிடிக்கும், என்ன பாட்டு, என்ன புக்கு, உங்க அம்மா எப்படின்னு. நம்ம வீட்டுப் பொண்ணு நெலமைய யோசிங்க. சாப்டியா, ஹோம்வொர்க் முடிச்சியா, யார்கூட பேசிட்டு இருந்த, இதத் தவிர அவகிட்ட ஒரு நாள் முழுக்க யாராவது கேள்வி கேட்டிருக்கமா? அவ மனசுல இருக்கறது நமக்கெல்லாம் ஏற்கனவே தெரியும்னு நம்ம எல்லாருக்கும் ஒரு நெனப்பு, அம்மாவுக்குத் தெரியும், ஆயாவுக்குத் தெரியும், கோயில்ல பாக்கற ஆன்ட்டிக்குக் கூடத் தெரியும். உன் மனசு எனக்குத் தெரியல, நீயே சொல்லுன்னு ஒருத்தன் வந்து உக்காந்தா 14 வயசுல அது எவ்ளோ பெரிய விஷயம்! எனக்கு 26-லயே அப்படித்தான் இருந்துது.

இன்னொண்ணு, அந்தக் கதைய சொல்றதே பெல்லாதான். அவதான் பாக்கறா, அவதான் ஏங்குறா. நம்ம படங்கள்ல கேமரா எப்பவும் பொண்ணு இடுப்பத்தான் பாக்கும், இங்க ஒரு பொண்ணு ஒரு பையனோட கழுத்தையும் கையையும் பக்கம் பக்கமா பாத்துக்கிட்டே இருக்கா, அத யாரும் தப்புன்னு சொல்லல, அதுக்காக அவளுக்கு தண்டனையும் கெடைக்கல. அதோட அவன் பசியோட இருக்கான், ஆனா தன்னை அடக்கிக்கறான். ஷேர் டாக்ஸியிலயும் பஸ்லயும் இடிபட்டு உரசப்பட்டு வீட்டுக்கு வர்ற பொண்ணுக்கு, ஆசை இருந்தும் கைய தன் பக்கமே வச்சுக்கற ஆம்பள ஒரு கனவு மாதிரிதான். இதெல்லாம் நெஜமான ஆசைங்க. இதுக்காக அவளும் நீங்களும் கூனிக்குறுக வேண்டியதே இல்ல.

இனி வயித்தக் கலக்கற பக்கத்துக்கு வரேன். உங்க வயிறு சரியாத்தான் சொல்லுது.

அவளோட சரியா பழகறதுக்கு முன்னாடியே அவன் ராத்திரி ராத்திரி அவ ரூமுக்குள்ள வந்து அவ தூங்கறதப் பாத்துட்டு இருக்கான். அவளுக்குத் தெரியாது. பின்னாடி தெரியவரும்போது அவ, அய்யோ தூக்கத்துல உளறினேனா, என்ன உளறினேன்னு வெக்கப்படறா, கோவம் வரவேயில்ல, உள்ளுக்குள்ள சந்தோஷம்தான் படறா. மூணாவது புக்குல அவள விரும்பற இன்னொரு பையன், அவ ஃபிரண்ட் ஜேக்கப் வீட்டுக்கு அவ போகக் கூடாதுன்னு அவ வண்டி இஞ்சின்லேருந்து ஒரு பார்ட்ட கழட்டி வச்சிடறான். தான் ஊர்ல இல்லாத நாள்ல அவள வெளிய விடாம வச்சுக்கச் சொல்லி தங்கச்சி ஆலிஸுக்கு ஒரு மஞ்சள் போர்ஷே கார் லஞ்சம். இதெல்லாம் அந்தக் கதைக்குள்ள "அவளோட பாதுகாப்புக்காக"ன்னுதான் வருது. நியாயமா சொல்லணும்னா அதே புக்குல அவன் மாறவும் செய்யறான், நான் பண்ணது தப்புன்னு ஒத்துக்கறான், அப்புறம் அவனே கார்ல கொண்டுபோய் ஜேக்கப்கிட்ட விடறான். அத மறைச்சுட்டு திட்டறவங்க புக்க முழுசா படிக்காதவங்க.

ஆனா எனக்குப் பல வருஷம் கழிச்சு திரும்ப படிக்கும்போதுதான் ஒண்ணு உறைச்சுது. அவன் பண்ற ஒவ்வொரு தப்பையும் கதை சரின்னு ஆக்கிடுது. அவன் அவள ஸ்கூல்ல பாத்துக்கிட்டே இருக்கான், சரியா அன்னிக்கு ஒரு வேன் வழுக்கிட்டு வந்து அவ மேல மோதப் போகுது, இவன் காப்பாத்தறான். அவளுக்குத் தெரியாம வேற ஊர் வரைக்கும் பின்னாடியே போறான், சரியா அன்னிக்கு நாலு பேரு அவள ஒரு சந்துல மடக்கறாங்க, இவன் வந்து நிக்கறான். பின்தொடர்ந்தது தப்புன்னு படிக்கறவங்களுக்குத் தோணவே விடாத மாதிரி ஒரு ஆபத்து கரெக்டா வந்து நின்னுடுது. வாழ்க்கைல நம்மள பின்தொடர்றவன் விஷயத்துல அப்படி நடக்காது, அங்க ஆபத்தே அவன்தான்.

அதுக்கும் மேல ஒரு கேரண்டி இருக்கு. இந்த மாதிரி காதல் கதைய நம்ம கையில எடுக்கும்போதே தெரியும், இவன் இவள கொல்ல மாட்டான், கடைசில ரெண்டு பேரும் சேருவாங்க. அந்த கேரண்டி இருக்கறதாலதான் பயத்தையே இன்பமா அனுபவிக்க முடியுது, ரோலர் கோஸ்டர்ல பெல்ட் போட்டுக்கிட்டு கத்துற மாதிரி. 2020-ல அதே கதைய எட்வர்ட் வாயால சொல்ற புக்கு ஒண்ணு வந்துச்சு, மிட்நைட் சன். அதுல முதல் நாள் பயாலஜி கிளாஸ்ல அவ ரத்த வாசனை பட்ட உடனே, கூட இருக்கற பிள்ளைங்க அத்தன பேரையும் எந்த வரிசையில கொன்னுட்டு இவகிட்ட வரலாம்னு அவன் மனசுல கணக்கு ஓடும். பெல்லாவுக்கு அது தெரியாது, அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் பக்கத்துல உக்காந்த பையன் முறைச்சான், அவ்ளோதான். அந்த அத்தியாயத்த படிச்சு முடிச்சதும் புக்க மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். நெஜத்துல பக்கத்து பெஞ்சு பையன் என்ன நெனைக்கறான்னு எழுதிக் காட்ட எந்த எழுத்தாளரும் வரப் போறதில்ல, உங்க பொண்ணுக்கு முடிவுக்கு கேரண்டியும் கெடையாது. கதையில வர்ற காதலையும் வாழ்க்கையில வர்றதையும் பிரிக்கறது இந்த ஒண்ணுதான்னு நான் நம்பறேன், மத்ததெல்லாம் இதுக்குள்ள அடக்கம்.

இந்த வகைக் கதை எங்கேருந்து வந்துதுன்னு ரெண்டு வரி. 1897-ல டிராகுலா வந்தப்ப ரத்தம் குடிக்கறவன் வெறும் பயங்கரம்தான், அவன கொல்றதுதான் கதை. 1976-ல வந்த இன்டர்வியூ வித் தி வாம்பயர்ல அவனே வாயத் திறந்து தன் துக்கத்த சொல்ல ஆரம்பிச்சான், 1991-ல வாம்பயர் டைரீஸ்ல அவன் ஹைஸ்கூல் பொண்ணுக்கு காதலனா வந்துட்டான். 2003-ல ஸ்டெஃபனி மேயருக்கு ஒரு புல்வெளில ஒரு பொண்ணும் ரத்தக்காட்டேரியும் பேசிக்கற மாதிரி ஒரு கனவு வந்துதாம், அதுதான் 2005-ல ட்வைலைட் ஆச்சு, 2008-ல நாலாவது புக்கும் முதல் படமும் வந்துடுச்சு, பத்து கோடி பிரதிக்கு மேல வித்திருக்கு. அவங்க மார்மன் சபையைச் சேர்ந்தவங்க, கதையில கல்யாணத்துக்கு முன்னாடி எதுவும் கெடையாது, அவசரப்படறது பெல்லா, வேண்டாம்னு நிக்கறது எட்வர்ட். அதனாலயே நம்ம அம்மாமார் நெறைய பேரு "நல்ல புக்கு, அசிங்கம் இல்ல"ன்னு கையில குடுத்தாங்க. நம்ம எல்லாரும் படுக்கைய மட்டும் பாத்துட்டு ஜன்னல பாக்காம விட்டுட்டோம்.

நம்ம பழைய பாட்டுல இரவுக்குறின்னு ஒரு துறை இருக்கு, தெரியுமா? தலைவன் ராத்திரி இருட்டுல, யானையும் பாம்பும் இருக்கற மலை வழியில தலைவிய பாக்க வருவான். ஊரு தூங்காது, நாய் குரைக்கும், அம்மா முழிச்சுக்குவா. ட்வைலைட் படிச்சப்ப எனக்கு உடனே அதுதான் ஞாபகம் வந்துது, ராத்திரி யாருக்கும் தெரியாம வர்ற காதலன் நமக்கொண்ணும் புதுசில்ல. ஆனா அங்க தலைவிக்குத் தெரிஞ்சுதான் அவன் வரான், எங்க சந்திக்கறதுன்னு சொல்லி வச்சதுதான் குறி. அவ தூங்காம காத்திருப்பா. அதவிட முக்கியம், நடுவுல தோழி இருப்பா. அவன நேருக்கு நேரா நிறுத்தி, இப்படி ராத்திரில வராத, இந்த வழி ஆபத்து, இவ பயந்து சாகறா, பேசாம கல்யாணம் பண்ணிக்கோன்னு சொல்றது தோழிதான். தலைவிக்கு வாய் வராதப்ப அவளுக்காக பேசறதுக்கு ஒரு ஆள்.

பெல்லாவுக்கு தோழி எங்க? வேற ஊருக்கு டிரெஸ் வாங்க ஜெசிகா, ஏஞ்சலான்னு ரெண்டு பொண்ணுங்ககூட போறா, அன்னிக்குத்தான் அந்த சந்துல மாட்டறா, எட்வர்ட் வந்ததுக்கப்புறம் என்ன ஆகுது? அந்த ரெண்டு பேரும் தனியா வீட்டுக்குப் போயிடறாங்க, இவ அவனோட ரெஸ்டாரன்ட்ல உக்காந்திருக்கா. அதுலேருந்து அவ உலகத்துல அவனும் அவன் குடும்பமும்தான். ரெண்டாவது புக்குல அவன் விட்டுட்டுப் போனதும் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரின்னு மாசம் பேரு மட்டும் அச்சடிச்ச வெத்துப் பக்கங்கள் வரும், ஞாபகம் இருக்கா. எழுத்தா பாத்தா அது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், துக்கத்த அத விட நல்லா காட்ட முடியாது. ஆனா ஒரு அம்மா கண்ணோட பாருங்க, அந்த நாலு மாசத்துல ஒரு தோழி பேரு கூட அந்தப் பக்கத்துல இல்ல.

நம்ம பாட்டு மட்டும் சுத்தம்னு சொல்ல வரல. அதே சங்கப் பாட்டுல மடலேறுறதுன்னு ஒண்ணு இருக்கு, பொண்ணு கெடைக்கலன்னா பனை மட்டையில குதிரை செஞ்சு, எருக்கம்பூ மாலை போட்டுக்கிட்டு நடுத்தெருவுல வந்து ஊரே பாக்க என்னை நானே வதைச்சுக்குவேன்னு மிரட்டறது. ஜேக்கப் என்ன பண்றான்? மூணாவது புக்குல சண்டைக்கு முன்னாடி, நீ என்னை வேணாம்னா நான் போய் செத்துடறேன்ங்கற மாதிரி பேசி அவளையே முத்தம் கேக்க வைக்கறான். மடல்தான் அது, வேற ஒண்ணும் இல்ல. அதுக்கு முன்னாடியே அவ வேண்டாம்னு நிக்கும்போது வலுக்கட்டாயமா முத்தம் குடுப்பான், அவ ஓங்கி குத்துவா, அவ கைதான் ஒடியும். பெல்லாவோட அப்பா சார்லி அதக் கேட்டுட்டு அந்தப் பையன பாராட்டுவாரு! எட்வர்ட ஊரே திட்டுது, எனக்கென்னமோ அந்த நாலு புக்குலயும் என்னை ரொம்ப கோவப்படுத்தின ஆளு அந்த அப்பாதான். நம்ம அம்மாமார்கிட்ட கேட்டா ஜேக்கப்தான் நல்ல பையன், குடும்பத்துப் பையன், வீட்டுக்கு வந்து போற பையன்னு சொல்வாங்க, அங்கதான் நம்ம ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். வீட்டுக்கு வந்து போற பையன் பண்றத நம்ம யாரும் பேரு வச்சு சொல்றதில்ல.

இப்ப நம்ம ஊரு சட்டத்துக்கு வரேன், உங்களுக்கு இது கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். அமெரிக்காவுல ஃபோர்க்ஸ்ங்கற ஊர்ல நடக்கற கதைக்கு டர்பன் கோர்ட் செல்லாது, ஆனா உங்க பொண்ணு வளர்றது இங்க. 1998-ம் வருஷத்து குடும்ப வன்முறை சட்டம், எண் 116, அது அடிக்கறத மட்டும் சொல்லல. திரும்பத் திரும்ப பின்தொடர்றது, தொந்தரவு பண்றது, பொருள சேதப்படுத்தறது, ஒரே வீட்டுல குடியில்லாத ஆளு அனுமதி இல்லாம வீட்டுக்குள்ள நுழையறது, எல்லாமே அதுக்குள்ள வருது. புருஷன் பொண்டாட்டியா இருக்கணும்னு இல்ல, டேட்டிங் பண்ணா போதும், எத்தன நாளுங்கற கணக்கு கெடையாது. 2021-ம் வருஷத்து திருத்தச் சட்டம் இன்னும் மேல போய், ஒருத்தர ஆதரவா இருக்கற ஆளுங்ககிட்டேருந்து பிரிச்சு வைக்கறது, அவங்க தப்பிச்சுப் போற வழிய இல்லாம பண்றது, அவங்க அன்றாடம் என்ன பண்ணணும்னு கட்டுப்படுத்தறது, இதையும் வன்முறைன்னு எழுதி வச்சிருக்கு. ஒரு ராத்திரி அந்த சட்டத்தையும் மூணாவது புக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சேன். ஜன்னல், வண்டி இஞ்சின், ஆலிஸ் வீட்டு காவல், ஒண்ணொண்ணா அந்த வார்த்தைங்களுக்குள்ள போய் உக்காருது. இதுல நெறைய பெத்தவங்களுக்கே தெரியாத ஒண்ணு, 18 வயசு ஆகாத பிள்ளையும் பாதுகாப்பு உத்தரவு கேட்டு தானே கோர்ட்டுக்குப் போகலாம், அம்மா அப்பா கூட வரணும்னு இல்ல. நம்ம கூட போகணும், அது வேற விஷயம். பேச ஆள் வேணும்னா வன்முறைக்கு ஆளானவங்களுக்கான உதவி எண் 0800 428 428 இருக்கு, 24 மணி நேரமும் எடுப்பாங்க, பிள்ளைங்களுக்கு சைல்ட்லைன் 116. ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வைங்க, யாருக்குன்னு சொல்லாம.

போன ஆடி மாசம் டர்பன்ல சாட்ஸ்வர்த் பகுதியில நாங்க போற கோயில்ல கஞ்சி ஊத்தறதுக்கு முந்தின நாள் பொண்ணுங்க எல்லாம் உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டு இருந்தோம். நான் சனிக்கிழமை தமிழ் சொல்லிக் குடுக்கற கிளாஸ் பொண்ணு ஒருத்தி, 16 வயசு, எனக்கு எதிர்ல. போனை நிமித்தி வச்சிருந்தா, வெங்காயத் தோல் குவியலுக்குப் பக்கத்துல. நிமிஷத்துக்கு ஒரு தடவ வெளிச்சம் வருது. கைய பாவாடைல துடைச்சுக்கிட்டு எடுப்பா, டைப் பண்ணுவா, வைப்பா. அப்புறம் ஒரு தடவ எழுந்து நின்னு, வெங்காயம், பாத்திரம், நானு, எல்லாம் ஃப்ரேம்ல வர்ற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பினா. யாருக்கும்மா கோயில் போட்டோன்னு கேட்டேன். "நான் எங்க இருக்கேன்னு அவனுக்கு காட்டணும் ஆன்ட்டி, இல்லன்னா டென்ஷன் ஆயிடுவான், என் மேல அவ்ளோ கேர்"ன்னா. சொல்லும்போது முகத்துல ஒரு பெருமை. வெங்காயத்தாலதான் கண்ணுல தண்ணின்னு அன்னிக்கு நெனச்சேன், இப்ப எனக்கு நிச்சயமா தெரியல.

அந்தப் பொண்ணு ஒரு நாவல் கூட படிச்சதில்ல, லைப்ரரி பக்கமே வராது. அதனாலதான் புக்கு பிள்ளைங்கள கெடுக்குதுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கறதில்ல. நான் பாளையங்கோட்டைல பிளஸ் டூ படிக்கும்போது ஒருத்தன் ரெண்டு வருஷம் தினமும் என் பஸ்ல ஏறி எனக்கு ரெண்டு சீட் பின்னாடி உக்காந்தான். ஒரு வார்த்தை பேசினதில்ல. என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் "எவ்ளோ சின்சியரா லவ் பண்றான் பாரு"ன்னாங்க, வீட்டுல தெரிஞ்சப்ப நீ என்ன பண்ணேன்னு என்னத்தான் கேட்டாங்க. நான் பயந்து போய் காலைல எட்டே கால் பஸ்ஸ விட்டுட்டு ஏழு மணிக்கே கெளம்பி ஸ்கூல் வாசல்ல தனியா உக்காந்திருப்பேன். எங்க ஊர்ல அப்ப ரத்தக்காட்டேரி நாவல் எவளும் படிக்கல, சினிமா இருந்துது, ஊரு வாய் இருந்துது, அதுவே போதுமா இருந்துது. பிள்ளைங்க மனசுல ஏற்கனவே ஊரு போட்டு வச்சிருக்கறதுக்கு புக்கு ஒரு அழகான முகம் குடுக்குது, அவ்ளோதான் அதோட குத்தம். ஆனா அந்த அழகு சாதாரண அழகு இல்ல, அதனால கவனிக்கணும்.

ஆகவே பூட்டாதீங்க. பூட்டினா அவ அத ரெஸ்ட்ரூம்ல போன்ல படிப்பா, நீங்க அந்தப் பேச்சுலேருந்து வெளிய போயிடுவீங்க. மூணு புக்கு படிச்சிட்டீங்க இல்ல, அதுதான் உங்க கையில இருக்கற பெரிய பலம், பாதி அம்மாமாருக்கு அது கூட இருக்காது. உங்களுக்குப் பிடிச்ச இடம் எதுன்னு முதல்ல நீங்க அவகிட்ட சொல்லுங்க, உண்மையா சொல்லுங்க. அந்த கேள்வி கேக்கற நாள் எனக்குப் பிடிச்சதுன்னு சொல்லுங்க. அவ முகம் மாறுறதப் பாப்பீங்க. அதுக்கப்புறம்தான் வண்டி இஞ்சின் பேச்சு எடுக்கணும், அதுவும் அவன் கெட்டவன்னு ஆரம்பிக்காம, பெல்லா வேண்டாம்னு சொன்ன எடத்துல எல்லாம் அடுத்து என்ன ஆச்சுன்னு மட்டும் கேளுங்க. அவளே புக்கப் புரட்டிப் பாப்பா. சில இடத்துல அவன் கேட்டுக்கறான், சில இடத்துல இல்ல, அவளே கண்டுபிடிக்கட்டும், நம்ம சொன்னா அது அட்வைஸ் ஆயிடும்.

நாலாவது புக்க மட்டும் தனியா விடாதீங்கன்னு சொல்வேன். ஹனிமூன்ல பெல்லா உடம்பெல்லாம் கன்னிப்போறது, அவள கேக்காமலேயே அவ வயித்துல இருக்கற பிள்ளையப் பத்தி எட்வர்ட் முடிவு எடுக்கப் பாக்கறது, அந்தப் பிரசவம், அப்புறம் பொறந்த குழந்தை மேல ஜேக்கப்புக்கு வர்ற, பிற்காலத்துல இவதான் ஜோடிங்கற அந்தப் பிணைப்பு, அந்தக் கடைசி விஷயத்த எந்த விளக்கம் சொன்னாலும் என் மனசு ஏத்துக்கல. ஒண்ணா ஒரு வருஷம் போகட்டும், இல்ல கூடவே படிங்க. அதே புக்குலதான் பெல்லா கடைசில அவன விட பலசாலியாவும் ஆகறா, எல்லாரையும் அவதான் காப்பாத்தறா, அது படிக்க எனக்கு சந்தோஷமா இருந்துது. கூடவே வருத்தமாவும், அவனுக்கு சமமா நிக்க அவ செத்து ரத்தக்காட்டேரியா பொறக்க வேண்டியிருந்துதேன்னு. உங்க பொண்ணு இத எப்படி எடுத்துக்கறான்னு கேளுங்க, எனக்கே தெரிஞ்சுக்க ஆசை.

ஆம்பளை பொம்பளைய மாத்தினா என்னன்னு அவ கேட்டா, 2015-ல மேயரே அப்படி ஒண்ணு எழுதினாங்க, லைஃப் அண்ட் டெத், அதுல பொண்ணு ரத்தக்காட்டேரி, பையன் சாதாரணமானவன். தூங்கற பையன ஒரு பொண்ணு வந்து பாத்துக்கிட்டு நிக்கற இடம் வரும்போது படிக்கற பிள்ளைங்களே "ஐயோ"ங்கறாங்க. அதே இடத்துல எட்வர்ட் நின்னப்ப ஏன் ஐயோன்னு வரல, அத வச்சே ஒரு மணி நேரம் பேசலாம்.

அப்புறம் அவ அத்தைய இதுல கொண்டு வாங்க. செவுத்துல போஸ்டர் ஒட்டி வச்சிருந்தது அவங்கதானே, மேட்ரிக் டான்ஸுக்கு யாரு கூட போறதுன்னு அழுதவங்களும் அவங்கதான்னு எழுதியிருக்கீங்க. இப்ப அவங்களே "இத அவகிட்ட குடுக்காதீங்க அண்ணி"ன்னு சொல்றாங்கன்னா நடுவுல என்ன மாறுச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்ட அவங்க வாயால சொல்லட்டும். அம்மா சொல்றதும் அத்தை சொல்றதும் ஒண்ணா இருக்காது, அத்தைதான் அந்த வீட்டுல அவளுக்கு தோழிக்குப் பக்கத்துல இருக்கற ஆளு.

பேச்ச எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலன்னா ஏஞ்சலாவ வச்சு ஆரம்பிங்க. அமைதியான பொண்ணு, பெல்லாவ தொந்தரவு பண்ணாம பக்கத்துல உக்காந்திருப்பாளே, அவ. அடுத்த நாள் ஸ்கூல்ல பெல்லா அவகிட்ட, அவன் தினமும் ராத்திரி ஜன்னல் வழியா வந்து நான் தூங்கறதப் பாக்கறானாம்னு சொல்லியிருந்தா ஏஞ்சலா என்ன சொல்லியிருப்பான்னு உங்க பொண்ணுகிட்ட கேளுங்க. அவ என்ன சொன்னான்னு எனக்கும் எழுதுங்க தங்கச்சி.